சாட்சிக் கூலி

பிரின்ஸ் ரூபர்ட் நீதிமன்றம், இரண்டாம் மாடி.
ஒன்பதாம் நாளாக மழை.
என் வேலை, பேசுவதை எழுதுவது.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
இருமலை எழுத வேண்டாம்.
அழுகை என்றால்
'சாட்சி நிறுத்துகிறார்' என்று போட்டால் போதும்.

செத்துப்போன தலைவரின் பெயருக்கு வழக்கு.
வீட்டுக்கல்ல, காணிக்கல்ல, பெயருக்கு.
அதை அணிகிறவர் கையெழுத்திட்டால்
எரிவாயுக் குழாய் ஆற்றைக் கடக்கும்,
இடாவிட்டால் கடக்காது.
கம்பெனிக்காரர் மூவர்
கடைசி வாங்கில் வாயசைத்துப் பழகுகிறார்கள்.

டெல்மர், கிழமைக்கு மூன்று தரம்
அவரை இரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோனவன்.
கடிதம் ஒன்று வைத்திருக்கிறான்,
நடுங்கிய கையொப்பத்தோடு.
வெண்டல், எட்மன்டனில் பார ஊர்தி ஓட்டியவன்,
சாவுக்குத்தான் வந்தான்.
ஆனால் வழி அவனுடையது, தாய்வழி.
ஆங்கிலத்தில் இருவரும் 'நெஃப்யூ'.
எந்த நெஃப்யூ என்று நீதிபதிக்கு விளங்கவைக்க
நாற்பது நிமிடம், வெள்ளைப் பலகை, அம்புக்குறிகள்.
எனக்கு ஒரு நொடி.
டெல்மர் பெறாமகன். வெண்டல் மருமகன்.
என்னைக் கேட்க அங்கே விதியில்லை.

மட்டக்களப்பில் எங்கள் கோயில் வண்ணக்கர் பதவியும்
தாயின் குடியில்தான் இறங்கும்.
அதற்கும் ஒரு வழக்கு.
பதினொரு வருடம் தேர் கொட்டகைக்குள் நின்றது.
சில்லில் ஆடு கட்டினார்கள்.

வெர்னா கூண்டில் ஏறினாள்.
முப்பது வருடம் மீன் தகரத்தில் அடைத்த கை.
விருந்தில் இருந்தாளாம், பெயர் சொன்னதைக் கேட்டாளாம்.
அந்தப் பெயரைச் சொன்னாள்.
தொண்டை அடியில் ஒரு கல் புரண்டது.
என் விசைப்பலகையில் அதற்குப் பொத்தான் இல்லை.
'விளங்கவில்லை' என்று போடச் சொல்கிறது கையேடு.
போட்டேன்.
பிறகு என் கொப்பியின் ஓரத்தில், பென்சிலால்,
எஃகு, அஃது என்று இரண்டு சொல்லுக்குக் காவலிருந்த
அந்த மூன்று புள்ளியை
வேலைக்குக் கூப்பிட்டேன்.
சரியாக வரவில்லை. கிட்ட வந்தது.

டெல்மரின் வழக்கறிஞர் எழுந்தார்.
"சாட்சியாக இருக்க உங்களுக்குப் பணம் தந்தார்களா?"
"ஓம்."
யாரோ கதிரையைப் பின்னால் இழுத்தார்கள்.
"எவ்வளவு?"
"இருபது டொலர். ஒரு குளியல் துவாய்.
இரண்டு போத்தல் சால்மன். ஒரு மூட்டை மா."
"அதற்கு நீங்கள் என்ன செய்ய வேண்டும்?"
"ஞாபகம் வைக்க வேண்டும்."
கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்:
"ஒன்றும் வாங்காதவன்
எதற்கு ஞாபகம் வைக்கப்போகிறான்?"

வென்ற முகத்தோடு வழக்கறிஞர் அமர்ந்தார்.
வென்ற முகத்தோடுதான் வெர்னாவும் இறங்கினாள்.

பதினான்காம் சான்று, விருந்துக் கணக்குக் கொப்பி.
யார் யாருக்கு எத்தனை போர்வை,
எத்தனை டொலர், எத்தனை தோடம்பழப் பெட்டி.
வெர்னா: 20, துவாய், மீன் 2, மா 1.
நீதிமன்றம் அதைச் செலவுக் கணக்காக ஏற்றது.

தீர்ப்பு ஒத்திவைப்பு.
பெயரைக் கொடுக்கத் தமக்கு அதிகாரமில்லை என்றார் நீதிபதி.
கையெழுத்து யாருடையது என்று மட்டும் பார்ப்பாராம்.
மேசையில் அவருடைய பெயர்ப்பலகை
பித்தளையில், துடைத்துத் துடைத்து
முதலெழுத்து மங்கியிருந்தது.

நடைக்கூடத்தில் வெர்னா பையைத் துழாவி
ஒரு போத்தல் மீன் எடுத்தாள்.
"நீயும் ஒன்பது நாள் கேட்டாய்."
அன்பளிப்பு வாங்க எங்களுக்குத் தடை, சொன்னேன்.
"அன்பளிப்பு என்று யார் சொன்னது?"
யன்னல் கட்டில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

கீழே தரிப்பிடத்தில் டெல்மரின் வண்டி செத்துக் கிடந்தது.
வெண்டல் தன் பற்றரியிலிருந்து கம்பி மாட்டினான்.
ஒரு சொல் இல்லை.
ஒருவன் கை காட்ட மற்றவன் திறப்பைத் திருகினான்.

காவலாளி போத்தலைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இது யாருடையது?"

மேலங்கிப் பொத்தானைப் போட்டேன்.
பிறகு அடுத்ததை.
இன்னும் நின்றார், போத்தலோடு.