ஆயிரத்து நானூறு மீட்டர்

ஜனவரியில் எங்கள் கிடங்கில்
டீசல்கூடத் தயிராகிவிடும்.
எந்திரத்தின் வயிற்றடியில் கந்தல் கொளுத்தி
டோக்டோசுன் அதை எழுப்புவான்.
நான் கையுறையைக் கழற்றாமல் எழுதுவேன்:
புறப்பாடு நாலு பத்து. குளிர், கழித்தல் முப்பத்தொன்று.
டீசல் அறுபது லிட்டர்.

கிர்கிஸ் நாட்டின் வடக்கையும் தெற்கையும்
தைத்து வைத்திருக்கிற சாலை இது.
நூலில் பாதி அயல்நாட்டுக் கடன்,
மீதி பெட்ரோல் வரி.
ஒதுக்கீடு ஏப்ரலில் வரும்.
பள்ளங்கள் மார்ச்சிலேயே வந்துவிடும்.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு மதியம்
மலை தோளைக் குலுக்கிக்கொண்டது.
இருநூற்றுப் பதினான்காம் கல்லிலிருந்து
ஆயிரத்து நானூறு மீட்டர்
பாறைக்கடியில் போயிற்று.
ஆள்சேதம் இல்லை. ஒரு தேன்காரரின்
கூண்டு வண்டி மட்டும்.
ராணுவம் வந்து ஆற்றோரமாக
மாற்றுவழி ஒன்றை மூன்று வாரத்தில் வெட்டிவிட்டு
தற்காலிகம் என்று பலகை நட்டுப் போனது.
பலகை துருப்பிடித்து விழுந்துவிட்டது.
தற்காலிகம் விழவில்லை.

தலைநகரத்துப் பதிவேட்டில்
மலை இன்னும் சரியவில்லை.
பழைய சாலை அங்கே முதல் வகுப்பு,
இருவழி, தார்த்தளம், நிலை: திருப்தி.
ஆண்டு தவறாமல் அதற்கு
வெள்ளைக்கோடு போடப் பணம் வருகிறது.
பனி அள்ள, உப்புத் தூவ,
ஓரக்கால்வாய் தூர்வார.
பாறைக்கடியில் படுத்திருக்கும் அதற்கு
ஒரு குறையும் வைக்கவில்லை அரசு.

ஆற்றோரத்துச் சாலைக்கோ
எண் இல்லை, கணக்குத் தலைப்பு இல்லை.
விதிப்படி டோக்டோசுன்
அந்த இடம் வந்ததும் அலகைத் தூக்கிவிட வேண்டும்,
சும்மா உருண்டு போய்
அந்தப் பக்கம் இறக்க வேண்டும்.
ஒரே ஒருநாள் தூக்கினான்.
குறுக்கே மல்லாந்து கிடந்தது முட்டை லாரி.
ஓட்டுநர் மஞ்சள் கருவுக்குள் நின்று கேட்டான்:
"இந்த இடத்தில் மட்டும் ஏன்
நாடு முடிந்துவிட்டது?"

பிறகு அவன் தூக்கவில்லை.
நான் எழுதினேன்:
எந்திரத்தைத் திருப்பியதற்கு, ஆறு லிட்டர்.
ஐந்து மாதம், நாள் தவறாமல்,
அதே கையெழுத்தில்.

ஜூனில் தணிக்கையாளர் சமுதின் வந்தார்.
அந்த வழியாகத்தான் வந்தார்;
கார்ச் சக்கரத்தில் அதன் சேறு.
"இவ்வளவு திருப்பினால், கலீச்சா,
எந்திரத்துக்குத் தலை சுற்றியிருக்குமே" என்றார்.
சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
பெயின்ட் வாங்க வந்த பணத்தில்
சரளை வாங்கியதையும் கண்டுபிடித்தார்.
நிதி, உரிய கிலோமீட்டரில் செலவிடப்படவில்லை.
அழகான எழுத்து அவருக்கு.

ஜன்னல் வழியே உரிய கிலோமீட்டரைக் காட்டினேன்.
பார்த்தார்.
தேநீர் ஆறும்வரை பார்த்தார்.
"அதை நீக்கச் சொல்லி எழுதலாமே."
"நீக்கிவிடுவார்கள், ஐயா.
இதைச் சேர்ப்பதற்குள்
எத்தனை குளிர்காலம் போகும்?"
கோப்பின் நாடாவைக் கட்டினார்,
அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

சம்பளத்தில் பிடித்தம், ஆறு தவணை,
அவனுக்கும் எனக்கும்.
அந்த வாரம் அவன் காருக்குப் பெட்ரோல் போட்டோம்.
ரசீதின் அடியில் பொடி எழுத்தில்:
சாலைக்கான வரி.
"இதுவும் நாம்தானா" என்றான்,
மடித்துக் காதில் சொருகிக்கொண்டான்.

அக்டோபரில் சுற்றறிக்கை:
விலைவாசி உயர்வை முன்னிட்டு
வெள்ளைக்கோட்டுக்கு எட்டு சதவீதம் கூடுதல்.
அன்றிரவே முதல் பனி.

திருப்பியதற்கு என்று இனி எழுத முடியாது.
பேனாவை ஊதிச் சூடாக்குகிறேன்.
வெளியே எந்திரம் இருமி இருமி
எழுந்து நிற்கிறது.
அலகு உரசும் சத்தம்
கிடங்கு வாசலைத் தாண்டிப் போகிறது.

எழுதுகிறேன்:
வழி தவறியதற்கு, ஆறு லிட்டர்.