நாற்பத்தைந்து சுற்று

அட்டனில், ரேடியோ ரிப்பேர் கடையின் பின்கட்டு.
ஆறடிக்கு எட்டடி. ஒழுகும் மூலையில் ஒரு பேசின்.
கவ்வாத்து ரெக்கார்ட்ஸின் தலைமை அலுவலகம் அதுதான்.
பெயர் வைத்தவன் செவனு.
"வெட்டுனாத்தானே துளிர்க்கும்" என்றான்.
காசு போட்ட கிருபைநாதனுக்குப் பிடிக்கவில்லை,
கல்லாப்பெட்டி பக்கத்தில் வெட்டு என்ற பேச்சு ஆகாதாம்.
நான் பெர்னதெத். கணக்கும் பசையும் என் பொறுப்பு.

செவனு பேக்டரி எலக்ட்ரீசியன்.
கொழுந்து உருட்டும் ரோலர்
நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்றுவதைக்
கடிகாரம் வைத்து எண்ணியவன்.
சின்ன இசைத்தட்டும் நாற்பத்தைந்துதான் என்று தெரிந்த அன்று
ஈயம் உருக்கும் கம்பியை வைக்க மறந்து சிரித்தான்,
மேசை கருகும்வரை.

ரிதம் பெட்டி, டுவான் சலீம் விற்றது.
நுவரெலியா ரேசில் தோற்ற வாரம்,
பாதி விலை, ஒரு பொத்தான் வேலை செய்யாது.
அடிநாதம், பழைய வால்வ் ரேடியோவின் ஊளை,
செவனு அதை வளைத்து வளைத்து
நாய் உறுமுகிற அளவுக்கு இறக்கியிருந்தான்.
பாட ஆள் இல்லை.
"பாடவே வேணாம், கணக்கப்பிள்ளை போதும்" என்றான்.

என் அக்கா எலிசா கூடைக்குள்
டேப் ரெக்கார்டரைக் கொழுந்தால் மூடி
மடுவத்துக்குக் கொண்டுபோனாள்.
தராசில் தொங்கியது.
தேவசகாயம் கணக்கப்பிள்ளை, வழக்கமான குரலில்:
*ஈரத்துக்கு ஒண்ணு, கூடைக்கு ஒண்ணு.*
ரெக்கார்டர் ஒரு கிலோ.
அன்று மட்டும் பாதிக் கழிவு நியாயம்.

அந்த எட்டு நொடியை வெட்டி, ஒட்டி, வட்டமாக்கி
ஐந்து நிமிஷம் சுற்ற விட்டான்.
*ஈரத்துக்கு ஒண்ணு* டும்
*கூடைக்கு ஒண்ணு* டும்
ராத்திரி பத்துக்கு பேக்டரியில் ரோலரைக் கிளப்பினார்கள்,
டவுன் பல்பெல்லாம் ஒரு கணம் சிவந்தது,
டேப் தள்ளாடிச் சுருதி இறங்கி
மூச்சு வாங்கி ஏறியது.
திரும்ப எடுக்கலாம் என்றேன். வேண்டாம் என்றான்.
பல வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒருவர்
அந்த இறக்கத்துக்கு என்ன கருவி என்று கேட்டு எழுதினார்.
மின்சார சபை என்று பதில் போட்டேன்.

மெட்ராசில் முந்நூறு தட்டு அச்சாகி
கப்பலில், பிறகு ரயிலில் வந்தது.
உறைகளை நான் ஒட்டினேன். பசை காயவே இல்லை,
அட்டனில் எதுவும் காயாது.

தீபாவளிக்கு லயத்து முற்றத்தில் ஒலிபெருக்கி கட்டினோம்.
முதல் சுற்றுக்கு யாரும் அசையவில்லை.
இரண்டாம் சுற்றில் யாரோ குரலை அடையாளம் கண்டு
"ஐயோ, நம்ம தேவசகாயம்!" என்று கத்தினாள்.
அதற்குப் பிறகு
முதுகில் கூடை இல்லாத பெண்கள் எப்படி ஆடுவார்கள் என்று
எனக்கே அன்றுதான் தெரிந்தது.
அக்கா ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்தாள்.
பதினோரு தடவை.

மறுநாள் மடுவத்தில் அறுபது பேர் வரிசை.
தராசு நின்றது. தேவசகாயம் வாய் திறந்தார்.
வரிசையின் கடைசியில் ஒரு கால்,
வெறுங்கால், சேற்றில் தட்டியது.
இன்னொன்று.
அவர் வாயை மூடிக்கொண்டு
பேசாமல் எழுதினார்.
அப்புறம் எந்த நாளும் உரக்கச் சொல்லவில்லை.
சம்பளத்தன்று துண்டைப் பார்த்தோம்:
ரெண்டு கிலோ, ஒரு நாள் தவறாமல், போயிருந்தது.
நாங்கள் நிறுத்தியது சத்தத்தை மட்டும்.
செவனு அந்த வாரம் முழுக்கக் கடைப்பக்கம் வரவில்லை.

மாஸ்டர் டேப் எண்பத்து மூன்றில் கடையோடு போனது.
அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.
என்னிடம் இருப்பது கணக்குக் கொப்பி.
விற்றது நூற்றுப் பன்னிரண்டு.
கடனுக்குப் போனது அறுபது.
பூஞ்சணம் பிடித்ததை
வேறு எப்படி எழுதுவதென்று தெரியாமல்
இப்படி எழுதியிருக்கிறேன்:
ஈரத்துக்குப் பத்தொன்பது.