ஒன்றரை மடங்கு

சென்னையிலிருந்து கொல்கத்தா
ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
இரண்டு மணி இருபது நிமிடம்.
திரை சொன்னதை அப்படியே சொன்னேன்.

தபன் ஹல்தார் எழுதிக்கொள்ளவில்லை.
தோள்பையை மேசைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தார்.
உள்ளே ஒரு மூச்சுப் பெட்டி,
செங்கல் கனத்தில் அதன் பேட்டரி.
"தீதி, இது ஐந்து மணி நேரம் ஓடும்,
புதிதாக இருந்தபோது."

பாபுராவ் தெருவில் என் கடைக்கு
வங்காள எழுத்தில்தான் பெயர்ப்பலகை.
உருது வீட்டுக்கு, தமிழ் தெருவுக்கு,
பெங்காலி வயிற்றுக்கு.
பதினான்கு வருடமாக ஆட்களை ஏற்றி அனுப்புகிறேன்;
நான் தரையைவிட்டு எழும்புவது
கோட்டை எதிரே வேகத்தடையில்
ஸ்கூட்டி துள்ளும்போது மட்டும்.
வேலூர் என்று தட்டினால்
அருகிலுள்ள நிலையம் சென்னை என்கிறது திரை.
அப்துல்லாபுரத்து ஓடுபாதை பற்றி
யாரும் அதற்கு இன்னும் சொல்லவில்லை.

விமானக் கம்பெனி விதி:
பறக்கும் நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு
பேட்டரியில் இருக்க வேண்டும்.
மூன்றரை மணி. போதும் என்றேன்.
போதாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.
மினதியின் மூச்சு
டிக்கெட்டில் அச்சடித்த நேரத்துக்கா புறப்படும்?

ரசீதின் முதுகில் கணக்குப் போட்டோம்.
லாட்ஜ் மூன்றாம் மாடி, லிஃப்ட் ரிப்பேர், பன்னிரண்டு நிமிடம்.
ஆம்புலன்ஸில் அவர்கள் சிலிண்டர், அதைக் கழி.
ஸ்ரீபெரும்புதூர் நெரிசலும் சிலிண்டர் தலையில்.
சோதனையில் பெட்டியைக் கழற்றச் சொல்வார்கள்,
டாக்டர் கடிதம் சட்டைப் பையில் மேலாக இருக்கட்டும்.
பதினொன்றாம் வாசலுக்கு எதிர்த் தூணில்,
குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில்,
ஒரே ஒரு பிளக் வேலை செய்யும்.
"பார்த்திருக்கிறீர்களா?"
இல்லை. போனவர்கள் போனில் சொன்னது.
அந்த நிலையமே எனக்கு அப்படித்தான் தெரியும்:
பிளக்குகள், சக்கர நாற்காலி ஒதுங்கும் மூலை,
அழுதால் யாரும் திரும்பிப் பார்க்காத வரிசை.

எழுந்தவர் நின்று கேட்டார்,
காற்று எதிரே அடித்தால்?
இந்த மாதத்தில் பின்னாலிருந்து தள்ளும் என்றேன்.
எந்த மாதமானாலும் அதைத்தான் சொல்வேன்.

வியாழன் இரவு ஷட்டரை இறக்கும்போது செய்தி:
"இறங்கிவிட்டோம். பேட்டரி பத்தொன்பது சதவீதம்."

ஐந்து மணியில் பத்தொன்பது சதவீதம்
ஐம்பத்தேழு நிமிடம்.
பழைய பேட்டரிக்கு அதுவும் இல்லை.
அவர்கள் வீடு கிருஷ்ணநகரில் என்று
படிவத்தில் நானேதான் நிரப்பினேன்.
அங்கிருந்து மூன்று மணி நேரச் சாலை.
இரண்டு நிலையங்களுக்கு நடுவே
ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணியவள்
இரண்டாவது நிலையத்தின் வாசலில்
பேனாவை மூடிவிட்டிருக்கிறேன்.

ஷட்டர் பாதியில் நிற்கிறது.
காரில் சார்ஜர் துளை இருக்கும், டிரைவரைக் கேளுங்கள்
என்று தட்டி அனுப்பினேன்.
ஒற்றை டிக்.
சாம்பல் நிறம்.