தூர்ந்த துளை

லான்சோவிலிருந்து இரவு ரயிலில் வந்தவர்
சட்டையின் உள்பையிலிருந்து எடுத்தார்,
சிகரெட் பெட்டியின் ஈயத்தாளில் பொதிந்த ஒன்றை.
தாவ் யுங்கன். கொதிகலன் உதிரிபாக வியாபாரி.
"காற்றுகூடப் படாமல் கொண்டுவந்தேன்" என்றார்.
சூச்சோ ஓடையைப் பார்த்த எங்கள் நாலாம் மாடியில்
அன்று அது ஏழாவது டிராகன்.

முதல் ஆறும் போலி.
நாலு காந்தத்தில் ஒட்டிக்கொண்டன.
ஒன்றின் டிராகன் பூனையைப்போல் சிரித்தது.

இது சிரிக்கவில்லை.
குவாங்சு முப்பத்துமூன்றாம் ஆண்டு. சோதனை அச்சு.
விளிம்பைச் சுற்றி ஓடும் ஆங்கிலத்தில்
ஓர் எழுத்து மட்டும் தலைகீழாய் நின்றது.
அச்சு வெட்டியவனுக்கு அந்த மொழி தெரியாது.
மேகச்சுருள், மீசை, தீக்கொழுந்து,
அவற்றோடு இன்னொரு வளைவு, அவ்வளவுதான்.
யாரோ ஓர் அதிகாரி கண்டுபிடித்து அச்சை உடைப்பதற்குள்
தப்பி ஓடியவை சில.
அந்தத் தவறுக்குத்தான் விலை.
அந்த ஓர் எழுத்துக்கு ஷாங்காயில் ஒரு வீடு வரும்.

அவர் நாற்காலி நுனியில் இருந்தார்.
தேநீர் ஆறியது.

முதலில் லென்சு இல்லை, கதிரும் இல்லை.
இரண்டு நகங்களுக்கு நடுவே பிடித்து
விளிம்பில் ஊதி
காதுக்குக் கொண்டுபோவேன்.
நல்ல வெள்ளி பேசும்,
நீண்டு, மெலிந்து, எங்கே முடிந்ததென்று தெரியாமல்.
இது பேசத் தொடங்கி
நடுவில் ஏதோ தடுக்கி நின்றது,
வாய்வரை வந்த பெயரை
விழுங்கிக்கொண்டவர்போல.

மீண்டும் ஊதினேன். அதே இடம்.

மியாவ் கதிர்த் துப்பாக்கியை வைத்தாள்.
தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு.
வாலருகே எழுபத்திரண்டு.
மிளகளவு இடம். வேறு வெள்ளி.
ஓட்டையைத் தூர்த்து, மேலே செதில் வரைந்திருக்கிறார்கள்.
கைதேர்ந்தவர். பதினோரு செதிலில் எது பொய்யென்று
எனக்கே பத்து நிமிடம் ஆனது.

ஓட்டை எதற்கென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.
அதன் மேல்விளிம்பு மட்டும் தேய்ந்து சரிந்திருந்தது,
நூல் அறுத்த சரிவு.
ஏதோ ஒரு குழந்தை இதைக் கழுத்தில் போட்டுத் தவழ்ந்திருக்கிறது,
குப்புற விழுந்திருக்கிறது,
ஈறு அரித்த நாளில் கடித்திருக்கிறது.
அந்த வீட்டில் எவரும் தலைகீழ் எழுத்தைக் கண்டிருக்கமாட்டார்கள்.
அவர்களுக்கு எல்லா எழுத்தும் தலைகீழ்தான்.

"இதை எழுதாமல் விடலாமா?"
குரல் மேசைக்கடியில் போயிருந்தது.
பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.
"வெட்டியவன் பிழைக்கு வீடு தருகிறீர்கள்.
துளைத்தவளுக்கு மட்டும் ஏன் தண்டனை?"

பதில் தெரியவில்லை.
'துளை அடைக்கப்பட்டது. தரம் இல்லை'
என்று எழுதி முத்திரை குத்தினேன்.
மை கொஞ்சம் வழுக்கியது.
நாணயம் அன்று யார் பக்கம் இருந்ததோ.

இலையுதிர்கால ஏலத்தில் பார்த்தேன்.
வேறு கம்பெனியின் சீட்டு, அறுபத்திரண்டு மதிப்பெண்,
கெட்டி பிளாஸ்டிக் பேழைக்குள் படுத்திருந்தது.
ஒன்பதாவது செதில். அதேதான்.
கைகள் உயர்ந்தன, உயர்ந்தன, சுத்தி விழுந்தது.

வாங்கியவர் பேழையை விளக்கில்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
காதருகே கொண்டுபோகவில்லை.
கொண்டுபோயிருந்தாலும்
உள்ளே ஊத வழியில்லை.