மரக்குருணை

இரவு ஒன்பதரைக்குப் பன்றித் தோள்கறியை
கிரில்லுக்குள் வைத்து மூடினேன்.
எலும்போடு ஒன்பது ராத்தல்.
குமிழை இருநூற்று இருபத்தைந்தில் நிறுத்தினேன்.
விசிறி ஒருமுறை இருமியது,
பிறகு சீராக மூச்சுவிட்டது.
பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இஷ்பெமிங் நகராட்சியில்
பனி தள்ளும் லாரி எண் பதினான்கு என்னுடையது.
முன்னால் கத்தி, பின்னால் உப்புத் தொட்டி,
தொட்டியின் அடியில் ஓர் இரும்புத் திருகு.
அது சுற்றச் சுற்ற உப்பு உதிரும்.

கொல்லையில் நிற்கும் அடுப்பிலும் அதே திருகுதான்,
என் முழங்கை நீளத்தில்.
அது சுற்றச் சுற்ற மரக்குருணை உதிரும்.
ஹிக்கரி, மேப்பிள்,
அறுவை ஆலையில் மிஞ்சிய தூளை
அழுத்திச் செய்த துண்டுக் குச்சிகள்.
மூட்டையைப் பார்த்த தபால்காரர்
எத்தனை கோழி வளர்க்கிறாய் என்று கேட்டார்.

பிளக்கில் செருகுகிற நெருப்பு
நெருப்பே இல்லை என்பார்
பக்கத்து வீட்டு வெண்டல் ப்ரூட்.
அவர் கரிக்காரர்.
நாற்காலி போட்டு உட்கார்ந்து
கண்கொத்திப் பாம்பாய்க் காவல் இருப்பார்.
காற்றுத் துளையை மயிரிழை திறப்பார்,
யோசித்து, மயிரிழை மூடுவார்.
அவருக்கு ஓய்வூதியம் வருகிறது.
எனக்கு வருவது பனி.

ஆறு குளிர்காலம் ஆயிற்று.
பற்றவைக்கும் கம்பி இரண்டு முறை செத்தது:
பதினெட்டு டாலர், ஒரு ஸ்க்ரூடிரைவர், இருபது நிமிடம்.
ஒருமுறை ஏரிக்காற்றின் ஈரம் ஏறி
குருணை கஞ்சியாய் ஊறி
சிமெண்டாய் இறுகித் திருகு நின்றது.
ஈர உப்பும் இதையேதான் செய்யும் என்பதால்
எந்தக் கெட்ட வார்த்தை சொல்லிக் குத்த வேண்டும் என்று
எனக்குத் தெரிந்திருந்தது.
மற்றபடி, கேட்டதைச் செய்கிறது.
செவ்வாய்க்கிழமைக் கோழித் தொடை,
மகன் ஏரோ பிடித்துவரும் வெள்ளை மீன்,
ஒரு நன்றிநாளில் ஆப்பிள் பை கூட.
புகை வாசனை அடித்த அந்தப் பையை
யாரும் குறை சொல்லவில்லை,
இரண்டாவது துண்டும் கேட்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு
ஹெம்லாக் தெரு ஏற்றத்தில் போகும்போது
விளக்குகள் அணைந்தன.
ஒன்றிரண்டல்ல, சரிவு முழுவதும்.
முதலில் நினைத்தது மருத்துவமனையை அல்ல,
சொல்ல வெட்கம்தான்,
கறியை.

திருகு நின்றிருக்கும். விசிறி நின்றிருக்கும்.
கிண்ணத்தில் ஒரு கைப்பிடித் தணல்
கண்ணை மூடிக்கொண்டிருக்கும்.
என் தெரு என் பாதையில் கடைசி.
பாதையை மாற்றக்கூடாது.
மாற்றவில்லை.
இருட்டுக்குள் உப்பை உதிர்த்துக்கொண்டே போனேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச்
சாலைக்குத் தெரியாது,
மதியத்துக்குள் மறந்துவிடும்.

ஆறு பத்துக்கு வீடு.
ஜன்னல்கள் கறுப்பு.
கொல்லையில் மட்டும் பச்சையாய் ஒரு சின்ன வெளிச்சம்:
இருநூற்று இருபத்தைந்து.

ஆரஞ்சு வயர் ஒன்று
பனிமேல் ஊர்ந்து வேலியேறி
வெண்டலின் ஜெனரேட்டருக்குப் போயிருந்தது.
அதில் வேறு ஒரே ஒரு வயர்,
அவருடைய மீன் பெட்டிக்கு.
அவர் வீட்டிலும் இருட்டுதான்.

பைஜாமாவுக்கு மேல் கோட்டோடு வந்தார்.
புகை நின்றுபோன வாசனை எழுப்பிவிட்டது என்றார்.
எந்தப் பொத்தான் என்று கண்டுபிடிக்கவே
கால் மணி நேரம், இதெல்லாம் ஒரு அடுப்பு,
என்று பல்லைக் கடித்தார்.
மூடியில் கிடந்த பனியை
யாரோ துடைத்திருந்தார்கள்.

கையுறையைக் கழற்றி
மூடிக்கு மேல் உள்ளங்கையை நீட்டினார்,
கன்றுக்குட்டி நெற்றியைத் தொடுகிறாற்போல.
இன்னும் இரண்டு மணி நேரம், என்றார்.

கறிக்குள் செருகிய கம்பி
அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.
நான் திரையைப் பார்க்காதவள் போல
அப்படியா, என்றேன்.