எங்கும் மோதவில்லை

எங்கே மோதியது என்று
மூன்றாம் முறை கேட்கிறீர்கள்.
எங்கும் மோதவில்லை, துரை.
பிறை ஆற்றில் பாறை கிடையாது.
சேறுதான். முட்டினாலும்
கோபித்துக்கொள்ளாத சேறு.

நான் நெருப்பறைக்காரன்.
மேலே என்ன நடந்தது என்பதைச் சேராங்கிடம் கேளுங்கள்.
எனக்குத் தெரிந்தது பக்காவ் கட்டை,
ஓர் இரும்புக் கதவு,
ஊசி ஆடுகிற ஒரு கண்ணாடி.
அன்று மதியம் கணுக்காலில் குளிர்ந்தது.
பதினோரு வருஷத்தில்
அந்த அறையில் எனக்குக் குளிர்ந்ததே இல்லை.

படகின் மூக்கில் ஏதோ பெயர் எழுதியிருந்தது.
எங்களுக்குப் படிக்க வராது.
வளைவுக்கு வளைவு பிளிறியதால்
பிடி என்றோம்.
பலகை உடம்பு, ஒட்டுப்போட்ட விலா.
வயிற்றில் ரங்கூன் அரிசி,
நானூற்றுப் பத்து மூட்டை,
கிராணி சவரியப்பன் எண்ணி ஏற்றியது.
மேலாற்றுத் தோட்டங்களுக்கு ஒரு மாத ரேஷன்.
போன மாதம் பாதிதான் போனது,
அதை யாரும் விசாரிக்கவில்லை.

பம்ப் அடித்தோம்.
முதலில் தண்ணீர் வந்தது.
பிறகு கழுநீர் மாதிரி வெளுத்து வந்தது.
பிறகு எதுவும் வரவில்லை.
குழாய்க்குள் அரிசி.

சேராங் இத்ரிஸ் பெர்மாத்தாங் பாவ் தாண்டி
அவளைச் சேற்றில் உட்காரவைத்தார்,
ஓதம் வந்தால் தூக்கிவிடும் என்று.
பொழுது சாய ஓதம் வந்தது.
ஆறு எழுந்தது.
பிடி எழவில்லை.

நெருப்பை இழுத்துக் கொட்டியது நான்தான்.
ஆமாம், உத்தரவு இல்லாமல். எழுதிக்கொள்ளுங்கள்.
இல்லையென்றால் கொதிகலன் வெடித்து
உங்களுக்குக் கேள்வி கேட்க ஆள் இருந்திருக்காது.
பதினோரு வருஷம் ஊட்டிய வாயிலிருந்து
பிடுங்கினேன். அவ்வளவுதான்.

சேராங் தந்தி அடிக்க நடந்து போனார்.
காவலுக்கு நான்.
ராத்திரி முழுக்க அவள் முனகினாள்,
ஆணி ஆணியாக.
உலையில் ஒரு பிடி அதிகம் போட்டால்
மூடி தானாக எழும்பும்,
சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.
தண்ணீர் குடித்த அரிசிக்கு இடம் வேண்டும்.
நானூற்றுப் பத்து மூட்டையும்
ஒரே ராத்திரியில் இடம் கேட்டன.
விடியுமுன் பலகை
விட்டுக்கொடுத்தது.

அரிசி என்ன ஆனது?
ஆற்றோடு போய்விட்டது, துரை.

       •

சொல்லாதது:
விரிசல் வழியே வெள்ளையாய் அவள் பிதுங்கியபோது
ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து வந்தார்கள்.
யார் சொன்னதோ.
விளக்கு இல்லை, பேச்சு இல்லை.
முறம், பால்வாளி, கொசுவலை,
தலைப்பை மடித்துத் தொட்டிலாக்கிய சேலைகள்.
மார்பளவு நீரில் நின்று
ஆற்றை அரித்தார்கள்.
பாவாயி கொதிகலன் பக்கம் தடவிப் போய்
சட்டென்று கையை இழுத்தாள்.
“இன்னும் வெதுவெதுன்னு இருக்குய்யா.”
அதன் பிறகு பிள்ளைகள் அந்தப் பக்கமே நின்றன.
குளிருக்கு.

தகரக் கூரைமேல் காயவைத்தால் தெரியும் என்று
படுக்கிற பாயில் பரப்பினார்கள், அறைக்குள்.
ஏழு நாள் லயத்தில் சோறு,
கரியும் எண்ணெயும் மணக்க.
வயிற்றுக்கு ஆகாமல் போனவர்களும்
மறுநாள் தட்டு நீட்டினார்கள்.
ஒவ்வொரு கவளத்தையும் பிசைந்து பார்த்தோம்,
ஆணி இருக்குமே.

எனக்கு ஒன்று வந்தது,
செம்பு, வளைந்தது, சுண்டுவிரல் நீளம்.
இதோ மடியில் இருக்கிறது.

       •

சரக்கு முழுதும் நஷ்டம் என்று
வாசித்துக் காட்டுகிறார்கள்.
கையெழுத்து வராது என்கிறேன்.
மைத்தட்டைத் தள்ளுகிறார் குமாஸ்தா,
பிறகு என் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு
மை வேண்டாம், அப்படியே வை என்கிறார்.