இறக்கி வைத்தல்

நாற்பது டன் பெட்டியைக்
கப்பலின் வயிற்றிலிருந்து தூக்கி
லாரியின் முதுகில் வைப்பேன்.
ஓட்டுநர் குடித்துக்கொண்டிருக்கும் காபி தளும்பாது.
க்ளைபெடா துறைமுகத்தில்
என்னைப் பற்றி அப்படி ஒரு பேச்சு.
ஔத்ரோனே வைத்தால் வைத்ததே தெரியாது என்பார்கள்.

நீ மூன்று கிலோ எழுநூறு கிராம்.

இது ஏழாவது முறை.
மெத்தைக்கும் உன் முதுகுக்கும்
ஒரு விரற்கடை இருக்கும்போதே
கைகள் இரண்டும் விரிகின்றன,
பிடித்திருந்த கிளை முறிந்தாற்போல.
முதலில் வாய் மட்டும் திறக்கும், சத்தமே வராது.
அந்த ஒரு கணம்தான்
என் அடிவயிற்றைக் கலக்கும்.
அழுகை வந்தபிறகு பரவாயில்லை,
அழுகைக்குச் செய்ய வேலை இருக்கிறது.

பால் கொடுத்தாயிற்று. துணி மாற்றியாயிற்று.
முதுகைத் தடவி ஏப்பம் வாங்கியாயிற்று.
தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு
அதன் பக்கத்தில் நின்றாயிற்று.
பின்னிரவு மூன்று மணிக்குக்
கீழ்வீட்டு ஸ்தசீஸ்
ரேடியேட்டர் குழாயைக் கரண்டியால் தட்டினார்,
இரண்டு தட்டு, கோபமாக.
நீ சட்டென்று நிறுத்திக் காதுகொடுத்தாய்.
இன்னொரு முறை தட்டுங்களேன் என்று
தரையில் குனிந்து கெஞ்சலாமா என்றிருந்தது.

வெளியே பால்டிக்கிலிருந்து காற்று.
இந்த வேகத்துக்குக் கிரேன்களையெல்லாம் கட்டிப்போட்டு
கீழே இறங்கி வந்திருப்பார்கள்.
உன் அப்பா வித்தேனிஸ்
இழுவைப் படகில் எங்கோ நனைந்துகொண்டிருப்பான்.
எங்கள் இருவருக்கும் விடுப்பு உண்டு.
புயலுக்கும் உனக்கும்தான் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம்
கம்பியில் பெட்டி ஊசலாடும்போதெல்லாம்
எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன்.
இழுக்க இழுக்க அது மேலும் ஆடியது.
காலடிக் கண்ணாடி வழியே
முப்பத்தைந்து மீட்டர் கீழே
ஆட்கள் ஓடி ஒதுங்கினார்கள்.
ஒருநாள் களைப்பில்,
புத்தியால் அல்ல, வெறும் களைப்பில்,
அது போகிற பக்கமே நானும் போனேன்.
நின்றது.

ஸ்மில்தே,
மணலில் முளைக்கிற பூவின் பெயரை உனக்கு வைத்தோம்.
ஒன்பது மாதம் அசைகிற தரையில் இருந்தாய்.
நான் நடந்தால் உனக்கு நிலம் நடந்தது.
அசையாத ஒன்றின்மேல் படுப்பதுதான்
உனக்கு விழுவது.
இது தெரிய எனக்குப் பதினோரு இரவுகள் ஆயின.

எனவே எட்டாவது முறை
உன்னைத் தூங்கவைக்க முயலவில்லை.
நீ விசும்பிய பக்கம் சாய்ந்தேன்,
நீ இழுத்த மூச்சோடு எழுந்தேன்.
ஜன்னலுக்கும் அலமாரிக்கும் இடையே
எத்தனை நடை என்று எண்ணவில்லை.
பிறகு தொழிலுக்கு எதிரான ஒன்றைச் செய்தேன்:
பெட்டியென்றால் நான்கு மூலையும் ஒன்றாக அமர வேண்டும்.
உனக்கு முதலில் குதிகால்,
வெகுநேரம் கழித்துப் பிட்டம்,
பிறகு முதுகு, எலும்பு எலும்பாக,
கடைசியில் தலை.
என் மார்பு உன்னோடு கூடவே இறங்கி வந்தது.
கை மட்டும் உன் நெஞ்சின்மேல் நின்றது,
கொக்கி கழன்றபின்னும் விலகாத கம்பிபோல.

கைகள் விரியவில்லை.
வாய் ஒருமுறை எதையோ சப்பிப் பார்த்தது.

ஒரு விரலை எடுத்தேன்.
இன்னொன்றை எடுக்க மனமில்லை.

விடியும் நேரம் வித்தேனிஸ் வந்தான்,
தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட.
அடுப்படியில் நான் நின்றிருந்தேன்.
கெட்டிலில் தண்ணீர் கொதித்து ஆறிவிட்டிருந்தது.
தொட்டிலை எட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
குரலைத் தாழ்த்திக் கேட்டான்:
அவள்தான் தூங்குகிறாளே,
நீ யாரை ஆட்டிக்கொண்டிருக்கிறாய்?

குனிந்து பார்த்தேன்.
வலது கால், இடது கால்.
வலது கால்.